ஏழு நிமிடம் முந்திய கடிகாரத்தோடு மான் வேட்டைக்கு

சென்ற வருடம் செப்டம்பர் கடைசி வாரத்தில் சுவிஸின் கான்டர் பள்ளத்தாக்குக்குப் போனேன். நவம்பரில் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு துப்பாக்கி தூக்க விடுவார்களோ என்று எனக்குத் தெரியாது. எனக்கு அறுபத்தெட்டு வயது. வேட்டை அனுமதி எடுத்து ஆறாவது பருவம் அது. இங்கே ஹிர்ஷ் என்று சொல்லும் பெரிய மானில் கொம்புள்ள கலைமான் ஒன்றை அதுவரை நான் சுட்டதில்லை. ஒன்றே ஒன்று போதும் என்றுதான் போனேன்.

வேட்டைப் பரீட்சையில் இரண்டு முறை தவறினேன். மூன்றாம் முறை சித்தியடைந்தேன். வகுப்புக்குப் போகவில்லை. ஜெர்மன் புத்தகத்தை அகராதியோடு நானே படித்தேன். இரண்டாம் முறை தவறியது என் பிழையில்லை என்று இன்றும் சொல்வேன், ஆனால் அதை இங்கே எழுதினால் கட்டுரை முடியாது. கோயிலில் என்னைக் கண்டால் "மான் இறைச்சி எப்ப வரும்" என்று கேட்பவர்களும் உண்டு, முகத்தைத் திருப்புபவர்களும் உண்டு. கேட்பவர்கள்தான் கூட.

கூட வந்தவன் தவம். எங்கள் பீல் நகரில் பஸ் ஓட்டுகிறான், என்னைவிடப் பதினொரு வயது இளையவன், ஆனால் அனுமதி எடுத்தது எனக்கு முன்னால். அதை மறக்க விடமாட்டான்.

பீலில் காலை பத்து மணிக்குச் சற்று முன் ரயில் ஏறினோம். பேர்னில் ஒரு மாற்றம், ஸ்பீட்ஸில் ஒரு மாற்றம், பிறகு மலையூர்களுக்கு ஓடும் தபால் பஸ். அரைக்கட்டண அட்டையோடு ஒரு வழிக்கு இருபது பிராங்குக்குச் சற்று மேல். துப்பாக்கி உறைக்குள் பூட்டியிருக்க வேண்டும், தோட்டா தனியே வேறு பையில். பஸ் சாரதி உறையைப் பார்த்துவிட்டு, வயலினோ என்று தவத்திடம் கேட்டார். தானும் பஸ் ஓட்டுபவன்தான் என்று தவம் சொன்னதும் இருவரும் கடைசித் தரிப்பிடம் வரை வேலை நேரத்தைப் பற்றிக் கதைத்தார்கள். நான் ஜன்னலால் காட்டின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கிய ஊரின் பெயரை எழுத மாட்டேன். எந்த வேட்டைக்காரனும் தன் இடத்தைச் சொல்வதில்லை.

அங்கிருந்து 4.2 கிலோமீட்டர் நடை, அறுநூறு மீட்டர் ஏற்றம். தவத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும். எனக்கு இரண்டு மணியும் பத்து நிமிடமும் எடுத்தது. மேலே ஒரு விவசாயியின் குடிசை. படுக்கை, காலைப் பாணும் சீஸும் சேர்த்து ஆளுக்கு 38 பிராங்க். கழிப்பறை வெளியே.

குடிசையிலிருந்து கால் மணி நடையில் சரிவான புல்வெளி ஒன்று, மூன்று பக்கமும் ஊசியிலைக் காடு. அதில் இரண்டு பரண்கள். ஒன்று உச்சியில், மற்றது கீழே இடது ஓரத்தில். இடையில் 160 மீட்டர். மேல் பரணிலிருந்து பார்த்தால் முழு வெளியும் தெரியும், கீழ்நோக்கிச் சுடுவதால் தோட்டா மண்ணுக்குள் போகும். நல்ல இடம் அதுதான். மூன்று வருடமாக அதில் தவமே இருந்தான். அன்றைக்கும், "அண்ணை, உங்கடை முழங்காலுக்கு அந்த ஏணி சரிவராது" என்று சொல்லி ஏறிப் போனான். என் முழங்காலைப் பற்றி என்னிடம் அவன் கேட்கவில்லை.

வேட்டை நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூரிய உதயத்துக்கு எவ்வளவு முன்னால் தொடங்கலாம், அஸ்தமனத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் சுடலாம் என்பதை ஒவ்வொரு கன்டோனும், அதாவது மாநிலமும், தானே எழுதுகிறது. ஒவ்வொரு வருடமும் அந்த விதித் தாளை வாங்கிப் பாருங்கள், போன வருடத்துத் தாளை நம்பாதீர்கள். எங்கள் தாளின்படி அன்று மாலை 7.45 வரை, மறுநாள் காலை 6.40 முதல். நாங்கள் இருவரும் வைத்திருந்த ஒழுங்கு இது: 7.45 வரை யாரும் பரணை விட்டு இறங்குவதில்லை. 7.45க்கு டோர்ச் லைட்டை மூன்று தரம் அடிப்பது. மற்றவன் பதிலுக்கு மூன்று தரம் அடித்த பிறகுதான் காலை ஏணியில் வைப்பது.

ஏழு மணிக்குப் பிறகு வெளிச்சம் வேகமாகக் குறைந்தது. முதலில் பச்சை போனது, பிறகு புல்லுக்கும் கல்லுக்கும் இருந்த வித்தியாசம் போனது. என் செம்மஞ்சள் தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன், சாம்பல் நிறமாக இருந்தது. அதனால் என்ன பயன் என்று பைக்குள் வைத்தேன். எதுவும் வரவில்லை. எங்கோ மேலே ஒரு கலைமான் ஒரே ஒரு தரம் கனைத்தது. வயிறு வரைக்கும் கேட்ட சத்தம். அதோடு நிறுத்திவிட்டது.

கைக்கடிகாரம் 7.45 காட்டியது. டோர்ச் அடித்தால் அந்தக் கலைமான் மிரண்டு, காலையில் இந்தப் பக்கமே வராது என்று நினைத்தேன். மேல் பரணை எடுத்துக்கொண்ட தவத்தின் மேல் கோபமும் இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. வெளிச்சம் போடாமல் இறங்கி, புல்வெளியின் அடிவிளிம்பால் குடிசைப் பாதைக்கு நடந்தேன். பக்கத்தில் ஓடை. அதன் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

பாதி தூரத்தில் மேலிருந்து டோர்ச் எரிந்தது. மூன்று தரம் அல்ல, அணையாமல். வெளிச்சம் என் முகத்தில் நின்றது. தவம் இறங்கி வந்தான், அவசரமில்லாமல். எனக்குப் பத்தடி தள்ளிப் புல்லில் இருந்தான். துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். ஒன்று கீழே விழுந்தது, அவன் தேடவில்லை.

"எத்தினை மணிக்கு இறங்கினியள்?"

"ஏழே முக்கால்."

கைபேசியைத் தூக்கிக் காட்டினான். அப்போதுதான் 7.44.

"கலைமான் நிண்டது அண்ணை. வெளியின்ரை நடுவிலை, பக்கவாட்டிலை. ரெண்டு பக்கமும் கிளை விட்ட கொம்பு. விசைக்குள்ளை விரல் போட்டிட்டன். அதுக்குப் பின்னாலை ஒரு கறுப்பு அசைஞ்சுது. பெட்டை மானோ குட்டியோ, பின்னாலை என்ன எண்டு தெரியேல்லை. விரலை எடுத்தன். மான் போயிட்டுது. கறுப்பு நடந்து வந்துது. அது நீங்கள்."

என் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தியது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. முப்பத்தொரு வருடம் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. ஒரு நிமிடம் பிந்தி அட்டை அடித்தால் கால் மணிச் சம்பளம் போகும். அதனால் எங்கள் வரிசையில் இருந்த எல்லோரும் கடிகாரத்தை முன்னுக்கு வைத்தோம். மற்றவர்கள் ஐந்து, நான் ஏழு. மனதுக்குள் கழித்துப் பார்ப்பதில்லை. கழித்தால் முன்னுக்கு வைத்ததில் என்ன பயன்? ஓய்வு பெற்ற பிறகும் அப்படியே வாழ்ந்தேன். ஒரு ரயிலையும் தவற விட்டதில்லை.

அதைத் தவத்திடம் சொன்னேன். "உலகத்துக்கே மணிக்கூடு செய்து குடுத்த மனுசன்," என்றான். அவ்வளவுதான். விழுந்த தோட்டாவைத் தேடி எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

காலை ஐந்தரைக்குத் தவம் தேநீர் போட்டான். இனி இவன் என்னோடு வரமாட்டான் என்றே இரவு முழுக்க நினைத்திருந்தேன். கோப்பையை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "இண்டைக்கு நீங்கள் மேலை இருங்கோ. நான் கீழை."

"முழங்கால்?"

"முழங்கால் கிடக்கட்டும். நான் இருக்கிற இடத்திலை இருப்பன் எண்டு எனக்குத் தெரியும். உங்களை எனக்குத் தெரியாது."

மூன்று வருடம் ஆசைப்பட்ட இடம் அப்படித்தான் கிடைத்தது. தன் கைபேசியையும் தந்தான். அதைப் பரணின் பலகையில் வைத்தேன். கையில் கடிகாரமும் இருந்தது. அதை நான் திருத்தவில்லை.

வானம் வெளுக்கத் தொடங்கியபோது கலைமான் காட்டிலிருந்து வந்தது. சத்தமே இல்லை. இல்லாத இடத்தில் இருந்தது. எழுபது மீட்டர், பக்கவாட்டில், பின்னால் மண்மேடு, கீழ்ப் பரண் நன்றாக இடதுபக்கம் தள்ளி. துப்பாக்கியின் தொலைநோக்கிக்குள் தோள்பட்டையின் மயிர் வரைக்கும் தெரிந்தது. என் கடிகாரத்தில் 6.40. பலகையில் 6.33.

யாரும் பார்க்கவில்லை. ஏழு நிமிடத்தை எந்த வனக்காவலரும் அளந்திருக்க முடியாது. தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து வெறும் கண்ணால் பார்த்தேன். மான் ஒரு கறை. அதன் பின்னால் இருந்தது மண்தானா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. நேற்று நானும் அப்படி ஒரு கறையாகத்தான் இருந்திருப்பேன். விரலை வெளியே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது புல் மேய்ந்தது, தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது, மூக்கிலிருந்து ஆவி வந்தது. 6.38க்கு நடந்து காட்டுக்குள் போனது. ஓடவில்லை. 6.40க்கு வெளி வெறுமையாக இருந்தது. கீழ்ப் பரணில் தவத்தின் முகம் ஒரு சிறு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. அவனும் பார்த்திருந்தான். டோர்ச்சை மூன்று தரம் அடித்தான். வேட்டை முடிந்ததற்கு அல்ல, இறங்குவதற்கும் அல்ல. நானும் மூன்று தரம் அடித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நேரத்தைக் கைபேசியில் பாருங்கள், சேர்ந்து போகிறவர்கள் ஏறுமுன் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எந்தத் திசையில் சுடமாட்டேன் என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே முடிவெடுங்கள். விலங்கைத் தேடுவது பைனாகுலரால்தான், துப்பாக்கியால் தேடாதீர்கள். நல்ல தொலைநோக்கிக் கண்ணாடி உங்கள் கண்ணைவிடக் கூட வெளிச்சம் காட்டும், அதில் ஏமாறக் கூடாது. முழு உடலும் தெரிய வேண்டும், ஆணா பெண்ணா குட்டியோடா என்று தெரிய வேண்டும், பின்னால் மண் தெரிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் சட்டநேரம் மிச்சமிருக்கிறது என்பதற்காகச் சுடாதீர்கள். அந்திநேரத்தில் காயப்பட்ட மானைத் தேடித் தனியே காட்டுக்குள் போகாமல் மோப்ப நாய் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். பரணை விட்டு இறங்கும்போது வெளிச்சம் போடுங்கள். மான் மிரளட்டும்.

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. இந்த வருடத்துத் தாளைத் தவம் இரண்டு பிரதி எடுத்துவந்து ஒன்றை என் தபால்பெட்டிக்குள் போட்டிருக்கிறான். மேல் ஓரத்தில் "மேல் பரண்: அண்ணை" என்று எழுதியிருக்கிறான்.

கடிகாரம் இன்னும் ஏழு நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது. மலைக்கு அதைக் கொண்டுபோவதில்லை. வீட்டில் காலையில் அது 6.40 காட்டும்போது தேநீரைக் கீழே வைக்கிறேன். உண்மையில் இப்போது 6.33. கலைமான் அங்கே நிற்கிறது, இன்னும் போகவில்லை.