சயாம் ரயில் படமும் வராத கப்பலும்

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தளைக்குப் போய் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு வந்தேன். நாலந்தாப் பக்கம் கொக்கோ ஸ்டோரில் மூட்டை நிறுக்கிறவனுக்கு, தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், இங்கிலீஷ் படம் எதற்கு என்று கேட்பீர்கள். என் மூத்த மகளும் அதைத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

விஷயம் என் மனைவி பாக்கியத்தின் அண்ணனைப் பற்றியது. காத்தமுத்து என்று பெயர். சண்டைக்கு முன்னால் மலேயாவுக்கு ரப்பர் பால் வெட்டப் போனவர். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் அவரையும் பிடித்துப்போனதாக, சண்டை முடிந்ததும் கூட இருந்த ஒருவர் எழுதினார். அதோடு சரி. பதினெட்டு வருஷமாகிறது. தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்போம். பாக்கியம் அண்ணனுக்கு மட்டும் இலை போடமாட்டாள். புதுச் சாரம் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைப்பாள். வந்தால் உடுத்த வேண்டுமே. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பெட்டியில் பதினோரு சாரம்.

இந்த வருஷம் அந்த ரயில் பாதையைப் பற்றி ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் எழுதிய நாவல், தமிழில், எனக்கு இரவல் கிடைத்தது. பாக்கியத்துக்கு வாசிக்கத் தெரியாது. எட்டாம் வகுப்புப் படித்த பெருமையோடு ஞாயிறு பின்னேரங்களில் நான் வாசித்துக் காட்டினேன். பதினாலாம் அத்தியாயத்தில் தமிழாட்களின் கொட்டிலில் வாந்திபேதி வருகிறது. நோயாளிகள் உள்ளே கிடக்கக் கொட்டிலைக் கொளுத்துகிறார்கள். பாக்கியம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரையும் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள்" என்று வாசித்தேன். எழுத்தாளனாக நான் செய்த ஒரே வேலை அது. நன்றாக அமைந்துவிட்டது போலும், நாலு தடவை திருப்பி வாசிக்கச் சொன்னாள்; நானும் தடவைக்கு ஒரு விவரம் சேர்த்தேன்.

அந்த நாவலைப் படமாக்கியிருந்தார்கள், அது மாத்தளைக்கும் வந்துவிட்டது. "கப்பல் வர்றத பாக்கணுங்க" என்றாள். இங்கிலீஷ் படம்தானே, விளக்கம் சொல்லப்போவது நான்தானே என்று தேற்றிக்கொண்டேன்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நாலந்தாச் சந்தியில் பதினொன்றே காலுக்குப் பஸ் ஏறினோம். பதினைந்து மைல், ஆளுக்கு எழுபத்தைந்து சதம். பலாபத்வலையில் தெரிந்த முஸ்லிம் பாக்கு வியாபாரி, எல்லோரும் 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடுபவர், மூட்டையோடு ஏறினார். படத்துக்குப் போகிறோம் என்றேன்.

"அந்தப் படத்துக்கா? அது மையத்துப் படம் மாஸ்டர். எங்க பாத்தாலும் சாவு, மையத்து."

"கப்பல் வருதா நானா?" என்றாள் பாக்கியம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன். "நான் பாதியில எழும்பி வந்துட்டேன் தங்கச்சி" என்றார். நல்ல மனிதர்.

படம் இரண்டரைக்கு. ஒரு ரூபா பத்துச் சதம் கொடுத்து இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தோம். துரைமார் பேசியதில் எனக்கு விளங்கியது 'யெஸ் சேர்' மட்டும்தான். ஆகையால் புத்தகத்தில் இருந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். வெள்ளைக்காரர்கள் பட்டினி கிடந்தார்கள், அடிபட்டார்கள், ஒவ்வொருவராகச் செத்தார்கள். சாகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்தது. நம்மாட்கள் ஒரே தடவைதான் வந்தார்கள். தூரத்தில், மழையில், தலைப்பாகை கட்டிய இரண்டு பேர் சுருட்டிய பாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அந்தப் பாயில என்னாங்க?"

"அரிசி."

"அரிசிய ஏன் குழியில போடுறாங்க?"

நான் அவசரமாக வேறொரு துரையைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கொட்டில் எரிந்தது. அதையும் ஒழுங்காகக் காட்டவில்லை. ஒரு துரையின் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக எரிந்தது போலிருந்தது. பாக்கியம் அழவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

ஐந்து இருபது பஸ்ஸில் திரும்பினோம். பலாபத்வலை தாண்டித்தான் பேசினாள்.

"மொத தடவ கப்பல் ரங்கூன்லருந்து பொறப்பட்டுச்சுன்னீங்க. அடுத்த தடவ பினாங்குலருந்துன்னீங்க."

"அப்படியா சொன்னேன்?"

"அன்னைக்கே தெரியுங்க. படத்துலயாவது வருமான்னு பாத்தேன்."

அதன் பிறகு பத்து மைல். அவ்வளவு நீளமான பத்து மைல் எந்த வரைபடத்திலும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: படம் வியாழன் வரை ஓடும். கெலரி ஐம்பத்தைந்து சதம்தான், ஆனால் மூட்டைப்பூச்சிக்கும் சேர்த்துக் கொடுக்கிற காசு. ஐந்து இருபதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். வீட்டில் யாராவது யாருக்காகவாவது காத்திருந்தால், முதலில் நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்று நினைத்துக் கப்பல் விடாதீர்கள்.

நேற்று பாக்கியம் பெட்டியைத் திறந்து சாரங்களை வெயிலில் போட்டாள். இந்தத் தீபாவளிக்கு அண்ணனுக்கும் ஒரு இலை என்றாள். படைக்கும்போது செத்தவருக்குப் பிடித்ததைத்தான் வைக்க வேண்டும். அவர் கப்பலேறியபோது அவளுக்கு ஆறு வயது. சொல்லக்கூடிய பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை.

"அண்ணனுக்கு என்னா புடிக்கும்னு தெரியலையேங்க" என்றாள்.

நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரு நல்ல பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.