கபடிப் பாட்டுக்கு நடுவுல ஒரு ஏப்பம்

இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்ன, முதுகுளத்தூர் பக்கம் எங்க ஊர் கபடி டீம்ல நானும் ஒரு ஆளு. ஆனா மேட்சுன்னாலே பயத்துல எனக்கு வயித்தக் கலக்கிரும். விசில் ஊதுற நேரம் கருவேலங்காட்டுக்குள்ள உக்காந்திருப்பேன்.

"ஏலே, இன்னொரு தடவ காட்டுக்கு ஓடுன, டீம்ல எடமில்ல"ன்னுட்டாரு கேப்டன் முருகேசண்ணன்.

ராமநாதபுரத்துல ஒரு டாக்டரப் பாத்தேன். "வயிறும் மனசும் ஒட்டிப் பொறந்ததுய்யா. தெனமும் காலையில ஒரு டம்ளர் நீராகாரம் குடி. அதுல இருக்க நல்ல கிருமி வயித்தச் சரிபண்ணும். ஒரு மாசம் ஆகும்"னாரு.

மறுநாளே திருப்பாலைக்குடியில மேட்சு. ஒரு மாசக் கணக்க ஒரே காலையில முடிச்சிருவோம்னு ஒரு குண்டா நெறையக் குடிச்சிட்டுப் போயிட்டேன்.

வயிறு கலக்கல. நெஞ்ச நிமித்திக்கிட்டு "கபடி கபடி"ன்னு பாடிக்கிட்டே எதிராளி கோட்டுக்குள்ள போனேன். நடுவுல வந்துச்சு பாருங்க, பழைய சோத்து வாடையோட ஒரு ஏப்பம். பாட்டு அறுந்துபோச்சு, நான் அவுட்டு.

"அண்ணே, தொட்டுக்க ஊறுகா கொண்டாரவா?"ன்னான் எதிர் டீம்காரன் ஒருத்தன். கூட்டமே உருண்டு சிரிச்சுச்சு. முருகேசண்ணனும் சிரிச்சுக்கிட்டே, "காட்டுக்கு ஓடலைல்ல? டீம்லயே இருலே"ன்னாரு.

மறுபடி உள்ள வந்து பாடப் போனப்ப ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்தேன். எல்லாரும் பாத்துச் சிரிச்சிருவாங்களோங்குறதுதான் அத்தன நாளும் எனக்கிருந்த பயம். அதான் சிரிச்சு முடிச்சிட்டாங்களே.