சிவப்புக் கதவால் நாங்கள் போனதில்லை

போன தை மாதம் ஒரு மத்தியானம் அண்ணி போன் எடுத்தார்.

"தம்பி, உவரைக் காணேல்லை."

உவர் என்றால் அண்ணை. கூடப் பிறந்தவர் இல்லை. நான் கனடாவுக்கு வந்த புதிதில் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், தான் வேலை செய்த பிளாஸ்ரிக் பக்டரியில் சேர்த்துவிட்டவர். பக்டரி மூடப்படும் வரைக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றோம். இப்போது அவருக்கு மறதி நோய். டோர்செட் பார்க்கில், அப்பார்ட்மென்ட் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறார். அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். சப்பாத்துப் போட்டிருக்கிறார். குளிர் ஜக்கற் கொழுவியில் தொங்குகிறது.

வெளியே மைனஸ் பதினெட்டு. இந்தக் குளிர் ஆளைச் சத்தம்போட்டுக் கொல்லாது. கொஞ்ச நேரத்தில் நித்திரை வருகிற மாதிரி இருக்குமாம், அவ்வளவுதான். எங்கேயோ கேள்விப்பட்ட அந்தச் சனியன் பிடித்த கதை அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வரவேண்டும்?

பொலிசுக்குச் சொல்லியாயிற்று. அவர்களின் மகள் ஒஷாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கோயில், தமிழ்க் கடைகள், லைப்ரரி எல்லாம் பார்த்துவிட்டார்கள். அண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, நீர் ஒண்டும் மறைக்கவேண்டாம். முந்தி நீங்கள் ரெண்டு பேரும் எங்கை இருந்து குடிக்கிறனீங்கள்?"

எங்கள் வீடுகளில் அதற்குப் பெயர் ஓவர்ரைம். இத்தனை வருடத்தில் அண்ணி ஒருநாளும் ஓவர்ரைம் எந்த ரோட்டில் இருக்கிறது என்று கேட்டதில்லை.

"மூண்டு இடம் அண்ணி. நான் போய்ப் பாக்கிறன்."

"மூண்டோ?" என்றார். அவ்வளவு பதற்றத்திலும் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

நான் இருக்கிற மோர்னிங்சைட்டிலிருந்து காரை எடுத்தேன். எனக்கு முன்னால் ஒருவன் ஊர்வலம் போகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டினால் எனக்குப் பயம் கொஞ்சம் அடங்கும்.

முதலாவது இடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் நாய்ப்படம். உண்மையான பெயர் வேறு, அது எங்கள் வாயில் நுழையவில்லை. பலகையில் ஒரு நாய் இருந்தது, அதனால் நாய்ப்படம். காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு உள்ளே போனால் பியரும் வினாகிரியும் ஊறிய காப்பெற் மணக்கும். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது அங்கே இருந்த வெள்ளைக் கிழவர்கள் எல்லோரும் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் திரும்பிவிடப் பார்த்தேன். அண்ணை என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து, "பாக்கிறதுக்குக் காசில்லை, பாக்கட்டும்" என்று சொல்லி என்னை இருத்தினார். இப்போது அது பல்லு டொக்டரின் கிளினிக். கவுண்டரில் இருந்த பிள்ளையிடம், ஜக்கற் இல்லாமல் வயதான ஆள் ஒருவர் வந்தாரா என்று கேட்டேன். இல்லை என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டாள். நல்ல பிள்ளை.

இரண்டாவது, கிழவியின் கடை. எங்கள் மேசைக்கென்றே மிளகாய் சோஸ் போத்தல் ஒன்று வாங்கி வைத்திருந்த மனிசி. ஊரில் அண்ணையின் தகப்பன் செத்த செய்தி வந்த அன்று அவருக்கு நேரே வீட்டுக்குப் போக மனமில்லை. இங்கேதான் வந்து இருந்தார். கிழவி ஒன்றும் விசாரிக்கவில்லை. ஹொக்கி ஓடிக்கொண்டிருந்த ரீவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போனார். கடையில் இருந்த ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அண்ணை குனிந்து இருந்து அழுதார், நானும் அழுதேன்.

அந்த இடத்தில் இப்போது பெரிய பள்ளம். அடுக்குமாடிக் கொண்டோ கட்டுகிறார்கள். வேலிப் பலகைகளுக்கு இடையில் கண்ணை வைத்துப் பள்ளத்துக்குள் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்னம் கண்ணை மூடிக்கொண்டதையும் சொல்லவேண்டும். கீழே கம்பியும் பனியும்தான் கிடந்தன.

நான்கு மணியாகியும் ஆளைக் காணவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. அண்ணி திரும்பவும் போன் எடுத்தார். நான் எடுக்கவில்லை. எடுத்து என்னத்தைச் சொல்வது?

மூன்றாவது, சிவப்புக் கதவு. நாங்கள் அதிக காலம் இருந்த இடம் அதுதான், கடைசியாக மூடப்பட்டதும் அதுதான். அந்த பிளாசாவில் பாதிக் கடைகள் காலி. பப்பின் வாசலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். முன்னால் இடிக்கப்போகிற அறிவித்தல். வாசலில் பனி அப்படியே கிடந்தது, ஒரு கால் தடம்கூட இல்லை. என் கணக்கில் இருந்த கடைசி இடம் அது. இதற்குப் பிறகு எங்கே போவதென்று எனக்குத் தெரியாது. "அண்ணை" என்று கூப்பிட்டேன். பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற கடையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

காருக்குள் ஏறி யோசிக்கலாம் என்று திரும்பினால், காரைக் காணவில்லை. வாசலுக்கு முன்னால் எத்தனையோ இடம் காலியாக இருக்க, என் கார் பிளாசாவின் மற்ற அந்தத்தில், டோனட் கடைக்கு முன்னால் நின்றது. மடையா, ஒரு ஆள் உறைந்து சாகப்போகிற நேரத்தில் இவ்வளவு தூரத்திலா காரை விடுவாய் என்று என்னை நானே ஏசினேன். ஏசிக்கொண்டிருக்கும்போதே விளங்கியது.

நாங்கள் எப்போதும் அங்கேதான் விடுவோம்.

அந்த பிளாசாவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை இருந்தது. எந்த நேரமும் தெரிந்த அன்ரி ஒருவர் முருங்கைக்காய்ப் பையோடு நிற்பார். பப்புக்கு முன்னால் கார் நின்றால் பின்னேரத்துக்குள் கதை வீட்டுக்குப் போய்விடும். ஆகவே காரை டோனட் கடைக்கு முன்னால் விட்டுவிட்டு, கோப்பி வாங்கப் போகிறவர்கள் மாதிரி நடந்து, கட்டடத்தைச் சுற்றிக் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவால் போய்ப் பின்கதவைத் தட்டுவோம். பாரில் ஊற்றிக் கொடுக்கிறவன் திறந்துவிடுவான். சிவப்புக் கதவு என்று பெயர் வைத்த நாங்கள் ஒருநாளும் அந்தச் சிவப்புக் கதவால் உள்ளே போனதில்லை.

ஓடினேன். என் வயதில் பனியில் ஓடக்கூடாது. ஓடினேன்.

பின் ஒழுங்கையில் கால் தடங்கள் இருந்தன. போன தடம் மட்டும்தான், திரும்பி வந்த தடம் இல்லை. குப்பைத் தொட்டிக்கு அந்தப்பக்கம், பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அண்ணை இருந்தார். ஸ்வெற்றர் மட்டும். ஒரு கை கமக்கட்டுக்குள் இருந்தது. மற்றக் கையால் இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தமே கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக.

"எங்கையடா போனனீ இவ்வளவு நேரமும்?" என்றார். நாக்குக் குழறியது. "உள்ளுக்கை சனம் கூடப் போலை. ஆரும் திறக்கினமில்லை."

என் ஜக்கற்றைக் கழற்றி அவரைச் சுற்றினேன். அவருடைய காது மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தது.

"காரை எங்கை விட்டனி?"

"டோனட் கடைக்கு முன்னாலை, அண்ணை."

"அப்ப சரி," என்றார்.

அம்புலன்சுக்கு அடித்துவிட்டு, அது வரும்வரைக்கும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். நித்திரை கொள்ளக்கூடாது, கதையுங்கோ, கதையுங்கோ என்று உலுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் உயிர் தப்பினார். கதவு தட்டிய கையில் இரண்டு விரல்நுனிகளை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், ஹவ் டிட் யூ நோ?" என்று கேட்டாள். கார் நிறுத்தின இடம் என்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? சும்மா தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியான நித்திரை இல்லை. கார்த் திறப்பை எங்கே வைத்தேன் என்று தேடினால் பயம். கடையில் வாங்க வந்த சாமான் மறந்துபோனால் பயம். அண்ணைக்கும் இப்படித்தான் தொடங்கியது.

போன ஞாயிறு மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த பிளாசாவுக்குப் போனேன். டோனட் கடைக்கு முன்னால் விட்டேன். எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். ஒழுங்கைக்குள் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்கதவைக் காட்டினேன். பால் பெட்டி இன்னும் அங்கேயே கிடந்தது.

"நான் ஒருநாள் காணாமல் போனால் முதல் இஞ்சை வந்து பார்," என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கதவைப் பார்த்தார். அதிலும் அடித்திருந்த இடிக்கப்போகிற அறிவித்தலை ஒருமுறை வாசித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதையும் உடைச்சுப்போட்டாங்கள் எண்டால், உங்களை நான் எங்கையப்பா தேடுறது?"