நூற்றுக்கு அறுபத்தைந்து

செராமிக் தொழில் படிக்க விருத்தாசலத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். சூளையில் வெந்து வரும் ஃபியூஸ் கட்டைகளில் நூற்றுக்கு எத்தனை விரிசல் விடும் என்று மாதிரி எடுத்துச் சொல்வதுதான் என் பாடம். ஓய்வுக்குப் பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. 2004 கோடையில் ஊர் மைதானத்தில் கால்பந்துப் போட்டி தொடங்கியதும், எந்த அணி எத்தனை கோல் அடித்தது, எத்தனை வாங்கியது என்று குறிக்க ஆரம்பித்தேன். நாளைக்கு இன்னார் ஜெயிப்பார்கள் என்று டீக்கடையில் சொல்வேன். பெரும்பாலும் பலித்தது. கிளி ஜோசியம் என்று கேலி செய்தவர்களே நான் வந்ததும் பெஞ்சில் இடம் விட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

செராமிக் எஸ்டேட் ஆட்களுக்கு ஓர் அணி இருந்தது. சின்ன யூனிட் வைத்திருந்த முதலாளி ஒருவர் அதை நடத்தினார். கோல்கீப்பர்கள் இரண்டு பேர். மூத்தவர் முதலாளியின் சூளையில் தீ பார்க்கிறவர். இன்னொருவர் கல்லூரி மாணவர். சூளையைப் பற்றவைத்துவிட்டால் நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. அதனால் பலமான அணி எதிரில் வரும் நாட்களில் மட்டும் சூளைக்காரர் யாரிடமாவது ஷிஃப்டு மாற்றிக்கொண்டு வருவார். சுலபமான ஆட்டங்களில் மாணவர் நிற்பார். ஊருக்கே தெரிந்த ஏற்பாடு, எனக்கும் தெரியும்.

இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராகப் பெண்ணாடத்து அணி. அதைப் பார்க்க ஒரு சர்க்கரை ஆலையின் அதிகாரி வருகிறார் என்ற செய்தியும் பரவியது. ஆலை அணிக்குக் கோல்கீப்பர் வேண்டுமாம், பிடித்துவிட்டால் நிரந்தர வேலையாம். தினக்கூலிக்குத் தீ பார்க்கிற மனிதருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மறு வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். அன்றைக்கு வேறொருவரைச் சூளையில் நிற்கவைக்க ஒரு வாரம் முன்பே பேசி வைத்திருந்தார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் முதலாளி என் வீட்டுக்கு வந்தார். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டார். கோலில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றேன். குறிப்பை விரித்து வைத்து, ஆட்டத்துக்கு ஒருவர் சராசரியாக எத்தனை கோல் விட்டார், மற்றவர் எத்தனை விட்டார் என்று காட்டினேன். மாணவர் நின்றால் ஜெயிக்க நூற்றுக்கு அறுபத்தைந்து, சூளைக்காரர் நின்றால் பாதிகூட இல்லை என்றேன்.

"அவன் பாவங்க சார், ரொம்ப நம்பிக்கையா இருக்குறான்" என்றார். பிறகு அவரே, "நூத்துக்கு அறுவத்தஞ்சு தேறும்னா ஏத்திட வேண்டியதுதான். பாதி ஒடையும்னு தெரிஞ்சே எவன் சூளையில அடுக்குவான்?" என்றார்.

நான் வேலை பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் சூளைக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பெண்ணாடத்துக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தார். மாணவர் தாவவே இல்லை. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எனக்குப் பின்னால் ஒருவர், "இவன் எப்படா பெரிய டீமு பந்தப் பாத்துருக்கான்? அதெல்லாம் சூளக்கார அண்ணனுக்கு வர்ற பந்தாச்சே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூளையில் தீ வாயருகே நிற்கும் சாமான்தான் அதிகம் வெடிக்கும், எங்கே நின்றது என்று பிரிக்காமல் சராசரி எடுக்காதீர்கள் என்று வருடா வருடம் வகுப்பில் சொன்னவன் நான். வலுவான அணிகளின் பந்தையெல்லாம் தாங்கியவரையும் சுலபமான ஆட்டங்களில் நின்றவரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேன். முதலாளி எட்டிப் பேசும் தூரத்தில்தான் நின்றார். இடைவேளையில்கூட மாற்றியிருக்கலாம். எழுந்தேன், சுற்றிலும் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் அணி ஜெயித்தது. முன்வரிசை ஆட்கள் அன்று பிரமாதமாக ஆடினார்கள், எங்கள் கோல் பக்கம் பந்து அதிகம் வரவேயில்லை. முதலாளி ஓடி வந்து எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆலை அதிகாரி, தோற்ற அணியின் கோல்கீப்பர் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த வாரம் முதலாளியிடம் போய், என் கணக்கு தப்பு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜெயிச்ச கணக்க தப்புன்றீங்களே சார்." எப்படித் தப்பு என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே டீ வாங்கித் தந்தார். நானே பஸ் ஏறி ஆலைக்குப் போனேன். காவல்காரர் அறையில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு குமாஸ்தா வந்து, ஆள் எடுத்தாயிற்று, பெரியவர் வெயிலில் அலைய வேண்டாம் என்று மரியாதையாகவே சொன்னார்.

சூளைக்காரரிடமும் சொன்னேன். எண்ணெய் பர்னரின் இரைச்சலுக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தப்பு என்னுடையது என்பதை இரண்டு முறை கத்தினேன். பார்வைத் துளையில் கண்ணை வைத்துத் தீயின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கப்பு வந்துட்டுதுல்ல சார், வுடுங்க" என்றார். அதன் பிறகு அவர் ஆடப் போகவில்லை.

அன்றோடு கணிப்பதை விட்டேன். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று சாயங்காலம் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். இத்தாலியா பிரான்ஸா என்று நாலைந்து பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க சொல்லுங்க, யாரு?" என்றார். தெரியாது, இப்போதெல்லாம் கணக்குப் போடுவதில்லை என்றேன்.

"அப்புடிச் சொல்லாதீங்க சார்" என்றார் மெதுவாக. "உங்க கணக்க நம்பித்தான் நான் வெளிய உக்காந்தேன். அது கணக்கே இல்லன்னு ஆயிட்டா எனக்கு என்னா இருக்குது?"

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

பிரான்ஸ் என்றேன். எந்த ஆட்டத்தையும் நான் பார்த்திருக்கவில்லை. நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டார். அதையும் ஏதோ சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "சார் சொல்லிட்டாரு, பிரான்ஸுதான்" என்று மற்றவர்களிடம் வாதாடத் தொடங்கினார். நான் டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்தேன்.