ஓசிச் செக்

ஒடெஸா ப்ரூயிட்டுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் அது வடிகட்டின பொய். அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினோரு வருடமாக நூற்று நாற்பது தட்டுகளுக்குச் சாப்பாடு பிரிக்கிறவள் அவள். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு இறைச்சியை அரைத்துக் கொடுக்கவேண்டும், எல்லாம் தலைகீழ்ப் பாடம். அப்பேர்ப்பட்டவள் தன் சம்பளத்தை மட்டும் பதினோரு வருடமும் தப்பாக எண்ணினாள். அதுவும் குறைத்து! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை சம்பளம் வரும். செக் என்பது பேச்சுக்குத்தான், பணம் நேரே வங்கியில் விழும். மாதத்தின் முதல் செக் வாடகைக்கு, இரண்டாவது மற்ற எல்லாவற்றுக்கும். வருடத்தில் இரண்டு மாதங்களில் மட்டும் மூன்றாவதாக ஒன்று வந்து விழும். சமையலறையில் அதற்கு 'ஓசிச் செக்' என்று பெயர். அன்று வேலை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஏரிக்கரைக் கடைக்குப் போய் வறுத்த பெர்ச் மீனை வெளுத்துக் கட்டும். மிச்சம் மீதியைச் சூதாட்ட மெஷின் விழுங்கும். யாரும் வருத்தப்பட மாட்டார்கள். ஓசியில் வந்தது ஓசியில் போகிறது!

இந்த வருடம்தான் ஒடெஸாவுக்கு வேறு வீடு தேவைப்பட்டது. அவள் கணவன் வெர்னான் கூரை வேய்கிறவன். மார்ச்சில் ஏணியிலிருந்து விழுந்தான். அதிலிருந்து இடது கால் மடங்குவதில்லை. அவர்கள் இருந்ததோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக அவன் தம்பிகள் இரண்டு பேரும் வந்து, சோபாவைத் தூக்குவதுபோல அவனைத் தூக்கி இறக்குவார்கள். மறுபடி தூக்கி ஏற்றுவார்கள். ஏறும்போது வெர்னான் கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். தான் கட்டிய கூரைகளில் ஓடித் திரிந்த மனுஷன்! ஒடெஸாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. பின்னாலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

ஆகவே அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வீட்டைப் பார்த்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி. பின்னால் துண்டுப் புல்வெளி. வாடகை தொள்ளாயிரத்து எழுபத்தைந்து டாலர். வாடகை ஆபீசில் மிஸ் ஹாலோரன் என்ற பெண்மணி படிவத்தைக் கொடுத்தாள். வருடச் சம்பளம், பிடித்தம் போவதற்கு முன், 35,100 இருக்கவேண்டும். ஒடெஸா எழுதினாள்: ஒரு செக் 1,380. மாதம் இரண்டு. பன்னிரண்டு மாதம். 33,120.

மிஸ் ஹாலோரன் படிவத்தை அப்படியே திருப்பித் தள்ளினாள்.

"குறையுதும்மா. வீட்டுக்காரர் ஒரு டாலர் குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் படிவம் வாங்குவோம், அதுக்குள்ள வேற ஆளு வரலைன்னா பார்க்கலாம். கூட யாராவது சம்பாதிக்கிறவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க."

சம்பாதிக்கிறவன் மூன்றாவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஊனத்துக்கு அரசாங்கம் தரும் உதவிப்பணத்துக்கு எழுதிப்போட்டு ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லை. ஒடெஸா அவனிடம் வீட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அக்டோபர் முப்பத்தொன்று, மாதத்தின் மூன்றாவது சம்பளம். காலையிலிருந்தே சமையலறை இரைச்சல் தாங்கவில்லை. மதியம் இரண்டரைக்குச் சம்பளச் சீட்டு கைக்கு வந்தது. ஒடெஸா அதைப் படிக்கிற வழக்கமே இல்லை. அன்று மனசு கனத்துக் கிடந்ததால் வெறித்துப் பார்த்தாள். கீழ்மூலையில், 'இந்த வருடம் இதுவரை' என்ற கட்டத்தில், 30,360.

அவள் கணக்குப்படி பத்து மாதத்துக்கு 27,600 தானே?

"ட்ரூடி! ஐயோ, இங்க வா!" பாத்திரம் கழுவுகிற ட்ரூடி அவளுக்குப் பதினோரு வருடச் சிநேகிதி. "ஆபீஸ்ல தப்புப் பண்ணிட்டாங்கடி. எனக்கு ரெண்டாயிரத்து எழுநூத்து அறுபது கூடக் குடுத்துட்டாங்க! கண்டுபிடிச்சா மொத்தமாப் பிடிச்சுக்குவாங்களே!"

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு."

"மூடிக்கிட்டா? போய்ச் சொல்லிடறேன். எனக்கு வேண்டாம் அந்தப் பாவம்."

"ஏ, நில்லுடி மகராசி!" ட்ரூடி ரப்பர் கையுறையோடு சீட்டைப் பிடுங்கினாள். உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது மே மாசத்து ஓசியும் இன்னிக்கு ஓசியும்டி, கூமுட்டை!"

"அது ஓசிதானே. அதையெல்லாம் எதுக்குச் சம்பளத்துல சேர்க்கிறாங்க?"

"யாரு வீட்டு ஓசி? இந்த ரெண்டு வாரமும் நீ வேலைக்கு வரலையா? வீட்ல படுத்துத் தூங்கினியா?"

ஒடெஸா சீட்டைத் திரும்ப வாங்கினாள். வந்தாளே! ஒரு நாள் விடாமல் வந்தாளே! முதுகு ஒடிய எண்பது மணி நேரம் தட்டுத் தட்டாக அடுக்கினாளே! வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம். அதில் பாதி இருபத்தாறு. இருபத்து நாலு இல்லை, இருபத்தாறு செக்! சுவரில் தொங்கிய மெனு அட்டையின் பின்பக்கம் பெருக்கினாள். 35,880.

"ட்ரூடி, பஸ் எத்தனை மணிக்கு?"

"பெர்ச்சு சாப்பிட வரலையா?"

"பெர்ச்சாவது மண்ணாவது!"

தலைமுடியில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், ஓர் இளம் ஜோடி அதே படிவத்தை வைத்துக்கொண்டு பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது.

"நான் முதல்லயே குடுத்திருக்கேன்! செவ்வாக்கிழமை! கணக்குதான் தப்பு!" ஒடெஸா சீட்டை மேஜைமேல் அறைந்தாள். "இருபத்தாறால பெருக்குங்க!"

மிஸ் ஹாலோரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பெருக்கினாள். இன்னொரு தடவை பெருக்கினாள்.

"சரியாத்தான் இருக்கு. இதை அன்னிக்கே எழுதியிருக்கலாமே? ஆனா வீட்டைப் பிடிச்சு வைக்கணும்னா ஒரு மாச முன்பணம் இப்பவே கட்டணும். இருக்கா?"

இருந்தது! பிடித்தமெல்லாம் போக ஆயிரத்து எண்பத்தாறு டாலர் அன்று காலைதான் வங்கியில் விழுந்திருந்தது. மீனுக்கும் மெஷினுக்கும் போகவேண்டிய பணம். ஒடெஸா கார்டை நீட்டினாள். மிஸ் ஹாலோரன் ரசீதைக் கொடுத்துவிட்டு அந்த ஜோடியிடமிருந்து படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சீட்டின் பின்பக்கம் எழுதினாள். வாடகையும் சாப்பாடும் வழக்கம்போல மாதத்து இரண்டு செக்கில். இனி வருடாவருடம் வரும் மூன்றாவது செக் இரண்டில் ஒன்று குளிர்காலத்துக் கேஸ் பில்லுக்கு, ஒன்று வெர்னானின் காலுக்கு. பதினோரு வருடத்தில் தின்று தீர்த்ததை எண்ணிப் பார்த்தாள். இன்றையதை விட்டால் இருபத்தொரு செக். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு போன் போட்டாள்.

"வெர்னான், உன் ஷூ எங்கே?"

"ஷூவா? எதுக்கு? எங்கயோ கட்டிலுக்கு அடியில கிடக்கும்."

"எடுத்துத் துடைச்சு வை. உன் தம்பிங்களுக்கு போன் பண்ணி அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லு."

"ஆஸ்பத்திரி இருபதாம் தேதிதானே?"

"ஆஸ்பத்திரி இல்லைய்யா. கீழே இறக்கி விடத்தான் வரச் சொல்றேன்."

"சரி, ஏத்துறதுக்கு எத்தனை மணிக்கு வரணுமாம்?"

"ஏத்துறதுக்கு வரவேண்டாம்னு சொல்லு" என்றாள் ஒடெஸா.