நலமானவர்கள் பட்டியலில் பதினேழாம் எண்

போன வெள்ளிக்கிழமை காலை ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது, எங்களோடு வேலை பார்த்த முனிராஜ் அண்ணாவின் மனைவி போன் செய்தார். "மேடம், அவரு போயிட்டாருங்க." ஒட்ட எடுத்த எண்ணைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஓசூரில் எங்கள் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த உங்களில் பலர் அவர் பேச்சைக் கேட்டுத்தான் சட்டைக் கையை மடித்தீர்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் மரபணுக்கள் எப்படி மாறியிருக்கின்றன, மாறாத மரபணுக்களின் மீதும் என்னென்ன வேதிக் குறிகள் ஏறியிருக்கின்றன என்று பார்க்கிற வேலை. நோயாளிகள் கொடுத்துவிடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நலமானவர்களின் ரத்தமும் வேண்டுமே, அங்கேதான் திண்டாடினோம். இரும்பை உருக்கி வார்க்கும் ஆலையின் வாசலில் போய் நின்றோம்; ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் ஊசியைக் கண்டதும் பஸ் பிடிக்க ஓடுவார்கள்.

எங்கள் உதவியாளராக வருவதற்கு முன் அதே ஆலையில் பல வருடம் மண் அச்சு போட்டவர் அண்ணா. மூன்று மாநில எல்லையில் இருக்கும் வேப்பனப்பள்ளிக்காரர். ஓடப் பார்த்தவர்களில் தெலுங்கில் பேசி ஒருவரையும் கன்னடத்தில் பேசி ஒருவரையும் நிறுத்திவிட்டு என்னிடம் கையை நீட்டினார். "மொதல்ல எனக்கு எடுங்க மேடம். நான் மயங்கி விழுந்தா அவங்க ஓடட்டும்." எல்லோரும் சிரித்தார்கள், வரிசையும் சேர்ந்தது. எடுத்ததைக் கொட்ட மனமில்லாமல், "உங்களையும் சேத்துக்கட்டுமா அண்ணா?" என்றேன். சம்மதத் தாளை வாங்கிப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டார். நலமானவர்களில் பதினேழாம் எண்.

சில மாதங்கள் கழித்து ஆய்வகத்திலிருந்து கேட்டார்கள்: பதினேழில் நோயாளிகளின் குறிகள் தெரிகின்றனவே, குழாய் மாறிவிட்டதா? யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் வேலையில் தப்பு நடந்திருக்க வேண்டுமே என்று அன்றுதான் வேண்டிக்கொண்டேன். மறுபடி எடுத்தோம். அதே குறிகள். இதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. அடுத்த மழைக்காலத்தில் இருமல் வந்தது.

நோய் உறுதியானதும் அவர் எண்ணை நோயாளிகள் பட்டியலுக்கு மாற்றப் பேனாவை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்தார். "வேணாம் மேடம். நான் நல்லா இருந்தப்ப குடுத்தது. எனக்கு முன்னாடியே என் ரத்தத்துக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. நாளைக்கு வேற யாருக்காவது இது ஒதவும்."

முன்கூட்டியே பார்த்தும் எங்களால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆற்றாமை எனக்குத் தீராது. எண்ணை இன்றுவரை மாற்றவில்லை. அவர் கையெழுத்திட்ட தாளும் என்னிடம்தான் இருக்கிறது. 'தங்களுக்கு ஏதேனும் நோய் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே, கொட்டை எழுத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்.