சின்னதொரைக்கு என்ன கொடுத்தீர்கள்?

மரகதம் டீச்சர் காலமாகிவிட்டார் என்று சுங்கைப்பட்டாணியிலிருந்து அவர் மகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் எங்கள் நாய்க்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். அதில் எலும்பு இல்லை. எங்கள் வீட்டில் நாய்க்கு எலும்பு போடாததற்குக் காரணமே டீச்சர்தான்.

மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவரிடம் படித்தவர்களுக்கு அவருடைய ஓயாத கேள்விகள் நினைவிருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் அவர் கேட்ட ஒரு கேள்வி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஓடியபோது விட்டுப்போன நாயை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எல்லோரும் சின்னதொரை என்று கூப்பிட்டோம். அரிசி இல்லை, வீட்டுக்கு வீடு மரவள்ளிதான். ஆண்களில் பலரைச் சயாமுக்கு இரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். கிழங்கைத் தோண்ட வரும் காட்டுப் பன்றிகளை விரட்ட இருந்தது சின்னதொரை மட்டுமே.

ஒருநாள் அது படுத்துவிட்டது. வெளிக்குப் போக முக்கும், ஒன்றும் வராது, முனகிக்கொண்டே திரும்பி வந்து படுக்கும். மறுநாள் விடியற்காலையில் பன்றிகள் பொன்னம்மாளின் கொல்லையில் பாதியைக் கிளறிவிட்டன. புருஷன் சயாமில். மிச்சமிருந்த பாதிதான் அவள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. “இது எந்திரிக்கலன்னா நாங்களும் படுத்துக்க வேண்டியதுதான் டீச்சர்” என்றாள்.

பூச்சி என்றார் ஒருவர், திருஷ்டி என்றார் இன்னொருவர். ஒருவர் விளக்கெண்ணெய்ப் புட்டியோடு வந்தார். “உள்ள என்ன இருக்குன்னே தெரியாம எதுக்குண்ணே ஊத்துறீங்க?” என்று டீச்சர் தடுத்தார். பிறகு வீடு வீடாகப் போய், நாய்க்கு என்ன கொடுத்தீர்கள் என்று விசாரித்தார். எல்லோரும் கையை விரித்தார்கள். தங்களுக்கே இல்லாதபோது தொரைக்கு விருந்தா என்று ஒரு வீட்டில் கேலி வேறு.

டீச்சர் விடவில்லை. நாய் உட்கார்ந்து எழுந்த புதரோரம் தேடி, கொஞ்சமாக விழுந்திருந்ததைக் குச்சியால் உடைத்துப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். “சாக்கட்டி மாதிரி இருக்கு பாருங்க சார்.” வெள்ளையாக, பொடிப்பொடியாக, எலும்புத் தூள்.

அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு பன்றியைக் குத்தி லயமே பங்கு போட்டிருந்தது. டீச்சர் நேராகத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். அங்கே நின்ற பெண்களிடம், “நான் எலும்பு போட்டேன். ராத்திரி எங்க கொல்லைப் பக்கம் படுக்கட்டும்னு” என்றார். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பொன்னம்மாள் மெதுவாக, “நானுந்தான்லா” என்றாள். அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லச் சிரிப்பு தாங்கவில்லை. நாயைத் தங்கள் பக்கம் இழுக்க வீட்டுக்கு வீடு ரகசியமாக எலும்பு போட்டிருக்கிறார்கள்.

ஒரு வீட்டில் பூசணிக்காய் இருந்தது. அதை வேகவைத்து மசித்து, கஞ்சி போலத் தண்ணீர் விட்டு நாய்க்குக் கொடுத்தோம். டீச்சர் கயிற்றைப் பிடித்து ரப்பர் மரங்களுக்கிடையே மெல்ல நடத்தினார். அது எந்தப் புல்லை மோந்தாலும் குனிந்து பார்த்தார். மறுநாள் பொன்னம்மாள் பள்ளிக்கூடத்துக்கே ஓடிவந்து, “தொரை வெளிக்குப் போயிட்டாருலா!” என்றாள். அடுத்த விடியலில் குரைப்புச் சத்தம் கேட்டது. அவளுடைய பாதிக் கொல்லை தப்பியது. அதன்பின் எலும்பைப் புதைத்தோம். இரவில் நாயைக் கொல்லைகளுக்கு நடுவே கட்டினோம்.

பின்னாளில் வகுப்பில் பாடம் ஏறாத பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், இவனுக்கு என்ன கோளாறு என்று கேட்பதை விட்டு, நாம் என்ன கொடுத்தோம் என்று யோசிக்கப் பழகினேன்.

இழவு வீட்டில் டீச்சரின் நாய் அவருடைய நாற்காலிக்கடியில் சாப்பிடாமல் கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம் பாவப்பட்டு ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னையறியாமல், “என்ன குடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த பொன்னம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். டீச்சரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்விதான்.